போகாமையும் அறமா?

துக்க வீட்டிற்கு அழைப்பு வேண்டுவதில்லை. செய்தி செவிப்பட்டதும் செல்வதே நம் மரபு. பகையிருப்பினும் அன்றைக்கு மறப்பர். 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடப்புக்கு வந்தபோது, இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடலாகாது என்று அரசு விதித்தது. திருமணத்தைத் தள்ளி வைக்கலாம். இறப்பைத் தள்ளி வைக்க இயலுமோ? உடன்பிறந்தாள் மறைந்த செய்தியைத் தொலைபேசியில் கேட்டு, இருந்த இடத்திலேயே நீராடி அழுதவர் எத்தனையோ பேர்.

அவர்கள் கடமை தவறியவர்களா? அல்லர் என்பதே என் கருத்து. துக்கம் விசாரிப்பது இருப்பவரின் ஆறுதலுக்காக. அறிகுறி ஏதுமின்றியே தொற்று பரவும் என்று தெரிந்த பின், போகாமையே அவ்வீட்டு முதியவருக்குச் செய்யும் உதவி.

ஆயினும் எல்லா விலகலும் ஒரு தன்மையன அல்ல. அவ்வாண்டு ஏப்ரலில், கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாது ஒரு கூட்டம் தாக்கி விரட்டியது. உடன் பணியாற்றிய மருத்துவரே இரவில் மண்ணள்ளிக் குழியை மூட நேர்ந்தது. அத்தகைய தடுப்போருக்கு 3 ஆண்டு வரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டமே பிறப்பித்தது. வீட்டிலிருந்தவர் பிறர் உயிரைக் கருதினார். கல்லெடுத்தவர் தம் உயிரை மட்டுமே கருதினார்.

கட்டுப்பாடுகள் நீங்கிய பின்னரேனும் சென்றோமா என்பது வேறு கேள்வி. பலர் செல்லவில்லை, கைப்பேசியில் எழுதிய ஒரு வரியே போதுமென இருந்துவிட்டனர். நோய் தந்த விலக்கை வசதியாக்கிக் கொண்ட இதனை என்னால் ஒப்ப இயலவில்லை. ஆண்டுகள் சில கடந்தாலும், "அன்றைக்கு வர முடியவில்லை" என்ற சொல்லைக் கேட்க அவ்வீட்டுத் திண்ணையில் இன்னும் ஒருவர் இருக்கக்கூடும்.