இரண்டு ஆட்டங்களும் கணபங்கமும்

ஒரு செயலின் மதிப்பு அது நீடித்த காலத்தைப் பொறுத்ததா என்னும் வினா, காஞ்சியைச் சூழ்ந்த நிலப்பகுதிக்குப் புதியதன்று. மணிமேகலை பௌத்த அறம் கேட்டு நோன்பேற்றது காஞ்சியிலேயே என்று காப்பியம் கூறுகிறது; பௌத்த அளவையியலை, அதாவது அறிவு எவ்வாறு உறுதிப்படுகிறது என ஆராயும் துறையை, நிலைநாட்டிய திக்நாகரும் இப்பகுதியினரே என்பது மரபு. அவர் வழிவந்த தருமகீர்த்தி, விளைவை உண்டாக்க வல்லதே உள்பொருள் என்றும், உள்ளவை யாவும் கணந்தோறும் தோன்றி அழிவன என்றும் வாதிட்டார். கணபங்கவாதம் எனப்படும் இக்கொள்கையின்படி, நெடுநாள் நீடிப்பதனால் ஒன்று கூடுதல் உண்மை பெறுவதில்லை.

இதனைச் சோதிக்கத் தக்க வாழ்க்கை கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகக் கால்பந்து வீரர் முகமது சலீமுடையது. 1936-இல் அவர் ஸ்காட்லாந்து சென்று, கிளாஸ்கோ நகரின் செல்டிக் கழகத்தில், 1897 முதல் மேலாளராக இருந்த வில்லி மேலியின் முன் தம் ஆட்டத்தைக் காட்டினார். பூட்ஸ் அணிந்து பழகாத அவருடைய பாதங்களுக்குக் கழகத்தின் முன்னாள் முன்கள வீரர் ஜிம்மி மெக்மெனமி துணிக்கட்டுச் சுற்றும் புகைப்படம் இன்றும் காணக் கிடைக்கிறது. ஹாமில்டன், கால்ஸ்டன் அணிகளுக்கு எதிரான 2 ஆட்டங்களில் செல்டிக் சார்பில் ஆடிய சலீம், கழகத்தார் தங்கும்படி வேண்டியும், ஊர் நினைவு மேலிடத் திரும்பிவிட்டார்.

தங்கியிருந்தால் என்னவாகியிருப்பார் என்று கேட்பவர்கள், அந்த 2 ஆட்டங்களையும் தொடங்கி அறுபட்ட ஒன்றாகவே கருதுகின்றனர். தருமகீர்த்தியின் அளவுகோல்படி அவ்வாறு கருத இடமில்லை. பந்து சென்று சேர்ந்த கணத்திலேயே அதன் விளைவு நிகழ்ந்துவிட்டது. ஆயினும் நிலைத்த ஆன்மாவை ஏற்கும் நையாயிகரும் (நியாய தத்துவத்தாரும்) சைவ சித்தாந்திகளும் எழுப்பும் தடையை எளிதில் தள்ளிவிட இயலாது: நிலைத்த ஆன்மா இல்லையெனில், கல்கத்தாவில் பயின்றவரும் கிளாஸ்கோவில் ஆடியவரும் ஒருவரே என்று எதனைக் கொண்டு கூறுவது, பயிற்சியின் பயன் யாரைச் சேரும்? தொடர்ச்சியான நினைவோட்டமே போதும் என்பது பௌத்தரின் விடை. அவ்விடை ஆட்டத்துக்குப் பொருந்தும் அளவுக்குப் பொறுப்புக்குப் பொருந்துமா என்பது ஐயமே.

குறுகிய காலம் குறைபாடன்று என்பதைத் தத்துவத்தின் துணையின்றியே உணர்ந்தவர்கள் காஞ்சிக்கு அருகிலுள்ள உத்திரமேரூரின் ஊர்ச் சபையார். சோழ மன்னன் முதற்பராந்தகன் காலக் கல்வெட்டின்படி, குடவோலையால், அதாவது குடத்தில் இட்ட பெயரோலைகளை எடுக்கும் முறையால், தேர்ந்த வாரியத்தார், அதாவது ஏரி, தோட்டம் முதலியவற்றைக் கண்காணித்த குழுவினர், 360 நாளில் விலகினர். மீண்டும் தேர்வுபெற 3 ஆண்டு இடைவெளி வேண்டும். அதனால் அவர்தம் பணி அரைகுறையானது என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

சலீம் இழந்தது செல்டிக் வாழ்வை அன்று. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் கல்கத்தா லீக்கை வென்ற முகமதன் அணியில் அவர் ஆடிய பருவங்கள், அந்த 2 ஆட்டங்களுக்கு முன்னுரையாக மட்டுமே இன்று சொல்லப்படுகின்றன. அவருக்கு நேர்ந்த இழப்பு அதுவே.