வீட்டில் சொல்லாத துயரம்

ஒசூர் சாலையில் சந்தாபுராவைச் சுற்றி, தொழிற்சாலை வேலையை நம்பித் தமிழ் இளைஞர்கள் பலர் வாழ்கின்றனர். வேலை போனாலும் வீட்டாரிடம் ‘நன்றாக இருக்கிறேன்’ என்பவர்கள் உண்டு. இந்த மௌனம் தன்மானமா, அகங்காரமா?

1884-இல் தந்தை மறைந்தபின் நரேந்திரரும் இப்படித்தான் இருந்தார். வீட்டில் உணவு போதாத நாட்களில், வெளியே விருந்து இருப்பதாகத் தாயிடம் கூறிவிட்டுப் பட்டினி கிடந்தார். அவரது நிலையை ஸ்ரீராமகிருஷ்ணர், அன்னதா குஹர் என்ற நண்பரிடம் கூறி, நண்பர்கள் உதவினால் நல்லது என்றார். அன்னதா சென்றதும் நரேந்திரர் குருவையே கடிந்துகொண்டார். குருவோ கண்கலங்கி, உனக்காக வீடுவீடாகப் பிச்சையெடுக்கவும் தயார் என்றார்.

வேதாந்தம் பயின்ற நாம் இங்கே சற்றுத் திகைக்கிறோம். ஆன்மா துயரற்றது என்று போதிக்க வேண்டியவர் சோற்றைப் பற்றிப் பேசுகிறாரே! துயருற்றவனுக்குத் தத்துவம் சொல்வது எளிது. அவன் கோபத்தையும் ஏற்று அருகில் இருப்பது கடினம். வேறொரு நண்பர் பெயர் தெரிவிக்காமல் நரேந்திரரின் தாய்க்கு அவ்வப்போது பணம் அனுப்பினார். தன்மானத்தைப் புண்படுத்தாத உதவி அது. ஆயினும் அது பசியைத் தணிக்கும், தனிமையைத் தணிக்காது.

2022-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில், நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேர் ஆண்கள். அதே ஒசூர் சாலையில்தான் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனையும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அந்த எண்ணைத் தானே அழைக்க அவன் கூசுவான். அறையில் மூத்தவர் ஒருவர் அழைத்துத் தரலாம். கோபித்துக்கொண்டால், மறுநாளும் அருகில் சென்று அமரலாம்.