ஒரு மறுப்பின் எடை

1938 மார்ச்சில் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. அதன்பின் சால்ஸ்பர்க்கை ஒட்டிய ஐகனில் வாழ்ந்துவந்த கியோர்க் ஃபான் டிராப் என்ற முன்னாள் கடற்படை அதிகாரிக்கு ஓர் அழைப்பு வந்தது: ஜெர்மன் கடற்படையில் சேருங்கள், மீண்டும் நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தலைமை ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் மறுத்துவிட்டார். அந்த ஆண்டிலேயே மனைவி மரியாவையும் ஒன்பது பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ரயிலில் இத்தாலிக்குப் போனார், பிறகு கப்பலில் அமெரிக்காவுக்கு. 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தால் உலகமே அறிந்த குடும்பம் இது. படத்தில் அவர்கள் மலையேறித் தப்புகிறார்கள். உண்மையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. மலையும் பாட்டும் ஒருபுறம் இருக்கட்டும். அந்த மறுப்பு எப்படிப்பட்ட செயல் என்ற கேள்விதான் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. அது துணிவா, பழைய விசுவாசமா, போக்கிடம் இருந்த ஒருவருக்குக் கிடைத்த வசதியா?

இந்தக் கேள்வியை எந்தப் பக்கத்திலிருந்து அணுகினாலும் அவருடைய பதக்கத்தில் போய் நிற்கிறேன். முதல் உலகப்போரில் அவர் ஆற்றிய பணிக்காக 1924இல் மரியா தெரசா ராணுவ விருது வழங்கப்பட்டது. ஆஸ்திரியப் பேரரசின் மிக உயர்ந்த வீர விருது அது. கொடுக்கப்பட்டபோது அந்தப் பேரரசே இல்லை. அதன் விதிமுறையில் ஓர் அளவுகோல் உண்டு. மானமுள்ள ஓர் அதிகாரி செய்யாமல் விட்டிருந்தாலும் யாரும் குறை சொல்ல முடியாத செயலாக அது இருக்க வேண்டும். கட்டளைக்குக் கீழ்ப்படிந்தால் மட்டும் போதாது. கடமையின் எல்லையைத் தாண்டித் தானாக எடுத்த முடிவாக இருக்க வேண்டும். 1915 ஏப்ரல் 27 அன்று அவர் தலைமையில் இயங்கிய யு-5 என்ற சிறிய நீர்மூழ்கி, 'லியோன் கம்பெத்தா' என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. 684 பேர் இறந்தார்கள். அந்த அளவுகோலை இந்த வெற்றியின்மேல் வைத்துப் பார்ப்பதைவிட 1938இன் மறுப்பின்மேல் வைத்துப் பார்த்தால் இன்னும் சரியாகப் பொருந்துகிறது என்பதே என் வாதம். அழைப்பை ஏற்றிருந்தால் அவரை யார் குறை சொல்லியிருப்பார்கள்? பழைய படையின் அதிகாரிகள் பலர் புதிய சீருடை அணிந்துகொண்டார்கள். எதையாவது செய்து காட்டியவர்களுக்கு என்று உண்டான விருதின் தகுதி, ஒன்றைச் செய்ய மறுத்ததில்தான் முழுமையாக நிறைவேறியது.

மறுத்ததன் கனம் தெரிய அவருடைய பிள்ளைப்பருவத்துக்குப் போக வேண்டும். 1880இல் தல்மாசியக் கடற்கரையில், இன்று குரோஷியாவில் ஸதர் என்று வழங்கும் ஸாரா நகரில் பிறந்தார். தந்தையும் கடற்படை அதிகாரி. மகனுக்கு நான்கு வயதிருக்கும்போது இறந்துபோனார். பதினான்கு வயதில் ஃபியூமே கடற்படைப் பள்ளியில் சேர்ந்த பையனுக்குத் தந்தை விட்டுப்போனது கடல் ஒன்றுதான் என்று எண்ணத் தோன்றுகிறது. அதே ஃபியூமேயில்தான் ராபர்ட் வைட்ஹெட் டார்பிடோவை உருவாக்கினார். அவருடைய பேத்தி அகாதே கியோர்க்கின் முதல் மனைவி. யு-5 கட்டப்பட்டதும் வைட்ஹெட் தொழிற்சாலையில். தொழில், காதல், செல்வம் எல்லாம் ஒரே துறைமுகத்திலிருந்து வந்தன. 1918இல் பேரரசு சிதறியது. ஆஸ்திரியாவுக்குக் கடலே இல்லாமல் போயிற்று. 1922இல் அகாதே செங்காய்ச்சலில் இறந்தார். 1935இல் வங்கி முறிந்து பெரும்பணம் கரைந்தது. வீட்டில் வாடகைக்கு ஆள் வைக்கும் நிலை வந்தது. இவ்வளவையும் இழந்தவருக்கு முன்னால்தான் ஒரு கப்பலையும் பதவியையும் சம்பளத்தையும் நீட்டினார்கள்.

அது மனசாட்சியின் குரல் அல்ல, செத்துப்போன பேரரசனிடம் வைத்த விசுவாசம் மட்டுமே என்று ஒருவர் சொல்லலாம். அந்த விசுவாசம் இருந்தது உண்மை. ஆனால் அவர் 1935இல் வெளியிட்ட போர் நினைவுநூலில், தனக்கு எந்தத் தீங்கும் செய்யாத மாலுமிகள் நூற்றுக்கணக்கில் மூழ்கிப்போனதை எண்ணி மனம் கசந்து எழுதியிருக்கிறார். டார்பிடோ என்ன செய்யும் என்பதை அவர் பெரிஸ்கோப் வழியே பார்த்தவர். அதை இன்னொருமுறை யாருக்காகச் செய்வது என்ற கேள்வி அவருக்கு எழாமல் இருந்திருக்குமா? விசுவாசமும் மனசாட்சியும் ஒரே நெஞ்சில் இருக்க முடியாது என்று எண்ணுவதற்குக் காரணமில்லை.

இரண்டாவது மறுப்புரை வலுவானது: அவருக்குப் போக்கிடம் இருந்தது. ஸாரா 1920இன் ரப்பாலோ உடன்படிக்கையால் இத்தாலிக்குப் போயிற்று. அங்கே பிறந்தவர் என்பதால் டிராப்பும் குடும்பத்தினரும் இத்தாலியக் குடிமக்கள் ஆனார்கள். 1915 ஆகஸ்டில் 'நெரெய்டே' என்ற இத்தாலிய நீர்மூழ்கியை மூழ்கடித்தவருக்கு அதே இத்தாலியின் குடியுரிமைதான் வெளியேறும் வழியைத் திறந்தது. அதே 1938 ஜூலையில் எவியானில் 32 நாடுகள் கூடி அகதிகளைப் பற்றிப் பேசின. பெரும்பாலான நாடுகள் தங்கள் வாசலைத் திறக்கவில்லை. வியன்னாவின் யூதர்கள் பலருக்கு மறுக்கும் வாய்ப்போ போகும் இடமோ இல்லை. ஆகவே டிராப்பைப் புகழும்போது, அவர் பிறந்த ஊரும் அவருக்கு உதவியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் வாசல் திறந்திருந்தது என்பதற்காக அதன் வழியே நடந்தது சிறுமையாகிவிடாது. அதே வாசல் இருந்தும் வீட்டையும் பதவியையும் எண்ணித் தங்கிவிடுவது எளிதாக இருந்திருக்கும். அவர் விட்டுப்போன ஐகன் வீட்டில் பின்னர் ஹிம்லர் குடியேறினார்.

வாசலே இல்லாதபோதும் மறுக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் அதே ஆஸ்திரியாவின் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர். சாங்க்ட் ராடெகுண்ட் கிராமத்து விவசாயி. ஹிட்லருக்காகப் போரிட மாட்டேன் என்று சொன்னதற்காக 1943 ஆகஸ்ட் 9 அன்று தலை வெட்டப்பட்டார். அவருக்கும் மனைவியும் மூன்று பெண்குழந்தைகளும் இருந்தார்கள். குடும்பத்தை நினைத்துப் பார் என்று பாதிரியார்களே சொன்னார்கள். டிராப்பின் மறுப்பு பிள்ளைகளை வேறொரு நாட்டில் பாடிப் பிழைக்கவைத்தது. கடைசியில் வெர்மாண்டின் ஸ்டோவில் ஒரு பண்ணையும் கிடைத்தது. 1947இல் அவர் அங்கேயே இறந்தார். யேகர்ஷ்டெட்டரின் மறுப்பு பிள்ளைகளைத் தந்தையற்றவர்களாக்கியது.

குடும்பத் தலைவரின் கொள்கைக்குக் குடும்பம் விலை கொடுக்கலாமா என்ற கேள்வியில் என் வாதம் தடுமாறுகிறது. டிராப் தன் பிள்ளைகளைக் கூட்டிக் கேட்டுத்தான் முடிவெடுத்தார் என்று மரியா எழுதியிருக்கிறார். ஆனால் தந்தையின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் பிள்ளைகளின் சம்மதத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதும் கேள்விதான். மறுத்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கான பாராட்டை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் சந்தேகம்: எவ்வளவு மனிதருக்கு, எவ்வளவு அவர் பிறந்த ஊருக்கு, எவ்வளவு பாடிச் சோறு சம்பாதித்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்? இத்தாலியக் குடியுரிமை இல்லாதிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று கணிக்க வழியில்லை. அந்த மரியா தெரசா விதிமுறை தனி ஒருவருடைய செயலை அளக்கத் தெரிந்தது. சேர்ந்து சுமந்தவர்களை எதைக்கொண்டு அளப்பது என்பதற்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.