அடுத்த விமானம் வரும்வரை

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்று நடுவில் ஒரு கோடு போட்டுவிடுவோம். ஆயுதம் விற்கும் நாடுகளும் அந்தக் கோட்டைத்தான் போடுகின்றன. 'நான் விக்கலேன்னா இன்னொருத்தன் விக்கப் போறான். அந்தக் காசு நம்ம ஊருக்கே வரட்டுமே!' இதுதான் அவர்கள் சொல்லும் சமாதானம். அந்தச் சொல் எங்கே வந்து மாட்டிக்கொண்டது, பாருங்கள்!

இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாத அரசியல்வாதி ஒருவரைச் சொல்கிறேன். ஆஸ்கர் ஆரியாஸ். 1986-ல் கோஸ்டா ரிகாவின் ஜனாதிபதி ஆனவர். 1948-லேயே ராணுவத்தைக் கலைத்துவிட்ட குட்டி தேசம் அது. ஆனால், பக்கத்து வீடுகளெல்லாம் எரிந்துகொண்டிருந்தன. நிகரகுவாவின் இடதுசாரி அரசுக்கு சோவியத் ஆயுதம். அதை எதிர்த்த 'கான்ட்ரா'க்களுக்கு அமெரிக்க ஆயுதம். அதற்கான பணத்தில் ஒரு பகுதி, இராக்கோடு போரில் இருந்த ஈரானுக்கு ஆயுதம் விற்றுக் கிடைத்த லாபம்! ஒரு சண்டையின் லாபம் இன்னொரு சண்டைக்கு முதலீடு. எங்கள் காமர்ஸ் வாத்தியார்கூட இப்படி ஒரு பதிவைச் சொல்லித் தந்ததில்லை.

கான்ட்ராக்களுக்குச் சரக்கு அனுப்ப, கோஸ்டா ரிகா மண்ணிலேயே ரகசியமாக ஒரு விமான ஓடுதளம் போட்டிருந்தார்கள். ஆரியாஸ் அதை மூடினார். அமெரிக்க உதவியை நம்பி வண்டி ஓட்டிய நாட்டுக்கு அது சின்னக் காரியமில்லை.

1987 ஆகஸ்ட் 7. ஐந்து மத்திய அமெரிக்க ஜனாதிபதிகள் அவருடைய திட்டத்தில் கையெழுத்துப் போட்டார்கள். போர்நிறுத்தம், தேர்தல், கலகக்காரர்களுக்கு வெளியார் உதவி நிற்க வேண்டும். மை காய்வதற்குள் ரீகன் அரசு கான்ட்ராக்களுக்கு மேலும் நிதி கேட்டது. ஆரியாஸ் பதறினார்.

துப்பாக்கி சுடும் என்பதற்காக மட்டுமா பதறினார்? அது குழந்தைக்கும் தெரியும். எனக்கென்னவோ விஷயம் வேறு என்று படுகிறது. பாகப்பிரிவினைப் பஞ்சாயத்தைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் பேசி, அண்ணனும் தம்பியும் ஒருவழியாக இறங்கி வரும் நேரத்தில், தம்பியின் மாமனார் காதில் கிசுகிசுப்பார்: 'கேஸ் போடுங்க மாப்ளே, செலவை நான் பாத்துக்கறேன்.' அவ்வளவுதான், பஞ்சாயத்து முடிந்தது. மாமனார் யாரையும் அடிக்கவில்லை. பணம்கூட இன்னும் தரவில்லை. விட்டுக்கொடுக்கத் தேவையில்லை என்ற நம்பிக்கையை மட்டும் தந்தார். அடுத்த விமானம் வரும் என்று நம்புகிறவன் எதற்காக இன்று இறங்கி வருவான்?

1988 பிப்ரவரியில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அந்த ராணுவ உதவியை நிராகரித்தது. மார்ச்சில் நிகரகுவா அரசும் கான்ட்ராக்களும் தற்காலிகப் போர்நிறுத்தத்துக்குச் சம்மதித்தார்கள். 1990-ல் தேர்தல் நடந்தது. ஆட்சி மாறியது.

'அப்போ யாருக்குமே விக்கக் கூடாது, அதானே?' என்று நீங்கள் முடித்துவிட்டால், போஸ்னியா குறுக்கே நிற்கிறது. 1991-ல் யூகோஸ்லாவியா முழுமைக்கும் ஐ.நா. ஆயுதத் தடை விதித்தது. பார்க்க நியாயமான ஏற்பாடு. ஆனால், பழைய ராணுவத்தின் பீரங்கிகள் ஏற்கெனவே செர்பியர்கள் கையில்! தடை கட்டிப்போட்டது போஸ்னிய அரசைத்தான். 1995-ல் ஸ்ரெப்ரெனிட்சாவில் சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். விற்க மறுத்தவர்கள் கையிலும் கறை உண்டு.

ஆரியாஸ் பல வருடங்கள் வலியுறுத்திய ஆயுத வணிக ஒப்பந்தம் 2013-ல் ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேறியது. விற்பதற்கு முன், இந்த ஆயுதம் அமைதியைக் கெடுக்குமா என்று யோசித்துப் பார் என்கிறது. யோசிக்க வேண்டியவர் யார்? விற்கிறவரேதான்! கடைக்காரரிடமே தராசுக்கு முத்திரை குத்தச் சொல்வது மாதிரி.

இந்தியா அன்று வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஏற்றுமதி நாடுகளுக்கே சாதகம் என்பது நம் வாதம். நாம் அப்போது பெரும்பாலும் வாங்குகிறவர்கள். 2022-ல் பிலிப்பைன்ஸுக்கு பிரமோஸ் ஏவுகணை விற்க ஒப்பந்தம் போட்டோம். 2024-ல் அனுப்பத் தொடங்கினோம். கடையில் கல்லாவுக்கு அந்தப் பக்கமும் போய்விட்டோம். நாளைக்கு, பேச்சுவார்த்தையில் பாதி இறங்கி வந்திருக்கும் ஒரு நாடு செக்கோடு வந்து நின்றால், நம் ஆள் முதலில் என்ன கேட்பார்?