கூலியில்லா வியர்வை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஞாயிறு விடியற்காலையில் அவ்வளைவுகளை மிதிவண்டியில் ஏறிப் பழகும் சிலரை அடிவாரத்தில் காணலாம். அலுவலர்கள், மாணவர்கள், கடை வைத்திருப்போர். நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாது அடுத்தடுத்துச் செய்யும் டிரையத்லான் போட்டிக்காக ஆயத்தம் செய்பவர்களும் அவர்களுள் உண்டு. அண்மையில் அவர்களைப் பார்த்து நின்ற நம்மிடம், பக்கத்து மரவள்ளிக் காட்டுக்காரர் கேட்டார்: "ஏனுங்க, இந்த வேர்வைய எங்க காட்டுல சிந்துனா நாலு பாத்தி கொத்திப்புடலாமுங்களே?"

நாம் சிரித்து மழுப்பினோம். ஆனால் அக்கேள்வி நம்மை விடவில்லை.

சேலம், நாமக்கல் சமவெளியில் உடலுழைப்பு விளையாட்டன்று. ஜவ்வரிசி ஆலையிலும் தறிக்குழியிலும் செங்கல் சூளையிலும், லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையிலும் வியர்வைக்கு ஒரு விலை உண்டு. அவ்விலையில்தான் அடுப்பு எரிகிறது. உடலைத் தேய்த்தே பிழைக்கும் மக்கள் நடுவில், ஒருவர் தம் உடலைப் பயனின்றி வருத்திக்கொள்வது முறைதானா?

உடல்நலத்திற்கு நல்லது என்பது எளிய விடை. ஆனால் மருத்துவர் சொன்னதற்காக நடப்பவர் நலம் என்னும் கூலிக்கு நடக்கிறார். 1978இல் ஹவாய்த் தீவில் முதல் 'அயர்ன்மேன்' போட்டி நடந்தபோது, ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டி, அதன்பின் 42 கிலோமீட்டர் ஓடவேண்டியிருந்தது. 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தனர். எந்த மருத்துவரும் இப்படியொரு மருந்தை எழுதித் தரமாட்டார்.

அமெரிக்க அருட்சகோதரி மடோனா பியூடர் ஒரு குருவானவரின் சொல் கேட்டு 48ஆம் வயதில் ஓடத் தொடங்கினார். 2012இல், தம் 82ஆம் வயதில், கனடாவில் இதே தொலைவை 17 மணி நேர வரம்புக்குள் முடித்தார். அத்தனை மணி நேரத்தை ஏழைகளுக்குச் செலவிட்டிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். பெத்தானியாவில் நறுமணத் தைலம் வீணாயிற்று என்று முணுமுணுத்தவர்களின் கேள்வியும் அதுவே. ஆயினும் அந்நிகழ்ச்சியை நம் வசதிக்கு இழுத்துக்கொள்வது நேர்மையாகாது. அத்தைலம் இன்னொருவருக்காக ஊற்றப்பட்டது. ஓடுகிறவர் யாருக்காக ஓடுகிறார்? தம் மணித்துளிகளைத் தாமே எண்ணி மகிழ்வதற்கு மட்டும் என்றால், காட்டுக்காரர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

இங்கே நம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு நினைவுக்கு வருகிறார். பெரியவடகம்பட்டியில் பிறந்தவர். ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்கையில் பேருந்து ஏறி வலக்கால் சிதைந்தது. செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் வளர்த்தவர் தாய். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றபோது தமிழக அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. உடனே ஊரார் கணக்குத் தீர்ந்தது. சிந்திய வியர்வைக்கு விலை கிடைத்துவிட்டது!

ஆனால் அக்கணக்கில் ஒரு பிழை உண்டு. பள்ளி மைதானத்தில் தாண்டிய சிறுவனுக்கு அந்த 2 கோடி தெரியாது. பரிசுதான் பயிற்சியை நியாயப்படுத்துகிறது என்றால், அவனுக்குப் பக்கத்தில் அதே மண்ணில் தாண்டி ஒன்றும் பெறாமல் போன பிள்ளைகளின் காலைகள் எல்லாம் வீண் என்றாகும். அப்படிச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. மாரியப்பனே 2021இல் டோக்கியோவில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளியும், 2024இல் பாரிசில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலமும் பெற்றார். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்குகளில் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். பதக்கத்தின் நிறத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது இறக்கம். எட்டு ஆண்டுகள் தாண்டுவதை நிறுத்தாதவருக்கோ அது வேறொன்று.

பயிற்சியாளரின் நிலை இன்னும் விந்தையானது. மாரியப்பனைக் கண்டெடுத்துப் பெங்களூரில் பயிற்றுவித்த சத்தியநாராயணா அந்த உயரத்தைத் தாண்டவில்லை. அவருடைய உழைப்பு இன்னொருவர் உடலில்தான் பலித்தது. இது பெற்றோருக்குத் தெரிந்த கணக்கு. செங்கல் சுமந்த அந்தத் தாய்க்கு நன்றாகவே தெரிந்த கணக்கு. கூலிக்கு ஒன்றும் விளையாட்டுக்கு ஒன்றுமாக வியர்வையில் இரு சாதிகள் உண்டென்று நாம் எண்ணியிருந்தோம். அவ்வீட்டில் தாய் சிந்தியதும் மகன் சிந்தியதும் எந்த இடத்தில் பிரிந்தன என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

மறு ஞாயிறும் அடிவாரம் சென்றோம். அக்குழுவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இருந்தார். தாமே பல போட்டிகளை முடித்தவராம். இளைஞர்களுக்குக் கட்டணமின்றிப் பழக்குகிறார். முன்னே செல்லும் வலிமை இருந்தும், எல்லாருக்கும் கடைசியாக, மூச்சு வாங்கும் ஒரு பையனுக்குத் துணையாக மிதித்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் பையனின் வண்டிச் சங்கிலி கழன்றுவிட்டது. இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கையில், காட்டுக்காரர் மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டு வந்தார்.

"தள்ளுங்க தம்பி. இருபது வருசம் பால் கேன் கட்டி மிதிச்ச ஆளுங்க நான்" என்று சேற்றுக் கையாலேயே சங்கிலியை மாட்டினார். பையன் பணம் எடுக்கப் பையில் கை விட்டான். அவர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மரவள்ளிக்குத் திரும்பினார்.