சொல்லைத் திரிக்கும் குருமார்



சென்ற பௌர்ணமியன்று காஞ்சன்பாக்கில் நாம் தர்மோபதேசம் செய்து முடித்தபின், ஒரு தாயார் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். அவருடைய மகன் ஒரு குருவின் கூட்டத்தில் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றனவாம். "ஐயா, அவன் பேசுவது தமிழ்தான், ஆனால் எனக்கு விளங்கவில்லை. ஏனென்று கேட்டால் அகந்தை என்கிறான், சம்பளம் எங்கே என்றால் சமர்ப்பணம் என்கிறான்" என்று கண் கலங்கினார். அன்று நாம் தக்க விடை கூறினோமில்லை. ஆகவே இங்கு எழுதுகின்றோம்.

ஹரியானா நாட்டுச் சிர்சாவில் டேரா சச்சா சௌதா என்னும் மடத்தின் தலைவர் குர்மீத் ராம் ரஹீம் சிங். அடியார்கள் அவரைப் 'பிதாஜி', அதாவது தந்தை என்பர். அவருடைய உறைவிடத்திற்குக் 'குகை' என்று பெயர். 2002-இல் பெயரிடாத கடிதம் ஒன்று பிரதம மந்திரிக்குச் சென்றது. அவ்வழக்கில் சாட்சி கூறிய துறவுப் பெண்கள், அக்குகைக்குள் நிகழ்ந்த பலாத்காரத்திற்கு அங்கு வழங்கிய பெயர் 'தந்தையின் மன்னிப்பு' என்பதே என்றனர். மன்னிப்பாம்! பிழை செய்தவன் எவன், மன்னிப்புப் பெறுபவள் எவள் என்பதைக் கவனியுங்கள். 2017 ஆகஸ்டில் நீதிமன்றம் அவருக்கு இருபதாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. குற்றவாளி எனத் தீர்ப்பான அன்று மூண்ட கலகத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

தந்தை என்னும் சொல் நமக்குப் புதிதன்று. நாம் இளமையில் நூல் நூற்ற மில்லில் முதலாளியை 'அப்பா' என்றே அழைக்கச் சொல்வர். மிகைநேரக் கூலி கேட்டால், "பிள்ளை தகப்பனிடம் கணக்குக் கேட்பதுண்டோ?" என்பார் மேஸ்திரி. நாமும் தலை கவிழ்ந்து தறிக்குத் திரும்பினோம். கூலி என்னும் சொல் வாயைவிட்டுப் போனதும், கூலியும் கையைவிட்டுப் போயிற்று.

நம் பௌத்தச் சொற்களும் இத்திரிபுக்குத் தப்பவில்லை. இதைச் சொல்ல வெட்கமே. உயிர் பிரியும் காலத்தில் உள்ளத்தை நற்கதிக்கு உய்க்கும் பயிற்சியைத் திபெத்தியர் 'போவா' என்பர். ஜப்பானில் ஓம் சின்ரிக்கியோ கூட்டத்தார் அச்சொல்லை எடுத்துக் கொலைக்குப் பெயராக்கினர். 1995 மார்ச் 20-ஆம் நாள் தோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நஞ்சைப் பரப்பினர். பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்; ஆயிரக்கணக்கானோர் துன்புற்றனர். அதைச் செய்தவருள் மருத்துவரும் விஞ்ஞானப் பட்டதாரிகளும் இருந்தனர். ஆதலின் படிப்பு ஒன்றே காவல் என்று எவரும் இறுமாக்க வேண்டா.

பகவன் புத்தரோ, தம்மையே சோதித்தறியுமாறு பிக்குகளுக்கு உரைத்தார். மஜ்ஜிம நிகாயத்து வீமம்சக சுத்தம் இதனைக் கூறும். கேள்வியை அகந்தையென்று அவர் தள்ளினாரில்லை.

அம்மா, மகனோடு வாதிட வேண்டாம். அவன் சமர்ப்பணம் என்றால், "எத்தனை ரூபாய், யார் கையில் கொடுத்தாய்?" என்று மெல்லக் கேளுங்கள். சேவை என்றால், எத்தனை மணி நேரம், உண்டானா, உறங்கினானா என்று கேளுங்கள். சினந்து சென்றாலும் கதவைத் தாழிடாதீர். அடுத்த பௌர்ணமிக்கு அவனையும் அழைத்து வாருங்கள். எம்மையும் அவன் கேள்வி கேட்கட்டும்.