போனை அணைச்சா தெரியும் முருகன்

இன்னைக்கு கொஞ்சம் என் வெட்கக்கேட்டையும் சொல்லிடுறேன்.

நம்ம இலுப்பூர்ல இருந்து விராலிமலைக்கு பஸ்ல போகும்போது, மலை கண்ணில் பட்டதுமே எங்க அப்பத்தா கன்னத்தில் போட்டுக்கும். முழங்கால் வலி வந்தபிறகு அது படி ஏறுறதில்லை. அடிவாரத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருக்கும். ஒரு கிருத்திகைக்கு நான் மட்டும் மேலே போனேன். வரிசையில் நின்ன நேரம் முழுக்க போனில் ரீல்ஸ். சன்னதி முன்னால் வந்து நிமிர்ந்தா ஒரே இருட்டு. ஒரு தீபம் தெரிஞ்சது, அதுக்குள்ள நகரச் சொல்லிட்டாங்க. கீழே வந்து "சாமியே தெரியல அப்பத்தா"ன்னு எரிஞ்சு விழுந்தேன்.

"நான் இங்கேருந்து நல்லாப் பாத்தேனேய்யா" என்றது.

கோயிலைக் கட்டியவர்கள் நம் கண்ணை நன்றாகவே படித்திருக்கிறார்கள். கோபுரம் தூரத்துக் கண்ணுக்கு. மேலே போகப் போக ஒவ்வொரு நிலையும் அகலத்திலும் உயரத்திலும் குறையும். அதனால் அடியில் நிற்பவனுக்கு அது இருப்பதைவிட உயரமாகத் தோன்றும். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் திருவாசலுக்கு முன்னால் நின்று பாருங்கள். 1010-இல் முடிந்த அந்த 13 நிலை விமானம், வாசலே சட்டமாக மாட்டிய படம் போலத் தெரியும்.

உள்ளே போனால் கணக்கு தலைகீழ். வெயில் முற்றம், மண்டபம், அர்த்தமண்டபம், கருவறை என்று வெளிச்சம் படிப்படியாகக் குறைகிறது, இடமும் ஒடுங்குகிறது. கண் இருட்டுக்குப் பழகப் பல நிமிஷம் வேணும். அந்த நடையே அதுக்கான அவகாசம். நான் அதைத்தான் ரீல்ஸில் கரைச்சேன். பக்கத்து நார்த்தாமலை விஜயாலய சோழீசுவரத்தில் வெளிச்சுவர் சதுரம், கருவறையோ வட்டம்! உள்ளே போகாமல் அது தெரியவே தெரியாது.

ஆனா ஒண்ணு. கோபுர தரிசனம் கோடி புண்ணியம்னு சுலபமா சொல்லிடுறோம். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் போக முடிந்தது 1939 ஜூலை 8-ஆம் தேதிதான். அதுவரை அவர்களுக்குக் கோபுரம் மட்டும்தான். அப்பத்தா முழங்காலால் கீழே நிற்பதும், மனுஷன் தடுத்துக் கீழே நிற்பதும் ஒண்ணு இல்லை.

ஆறுமுகர் சிலைகள் பலவற்றில் முன்னால் மூன்று முகம், பின்னால் மூன்று. காலண்டர் ஓவியர்தான் ஆறையும் ஒரே வரிசையில் வைப்பார். சன்னதியில் எந்த இடத்தில் நின்றாலும் சில முகம் நமக்குத் தெரியாது. அந்த முகங்கள் பார்க்கும் திசையில் யாராவது அடிவாரத்தில் உட்கார்ந்திருப்பாங்க.

அடுத்த கிருத்திகைக்குப் போனை அப்பத்தா மடியில் வச்சுட்டுப் படி ஏறினேன். மண்டபத்தில் சும்மா நின்னேன். முதலில் மயிலின் கழுத்து தெரிஞ்சது.

முருகா சரணம்!